அருகில் உள்ளது

“சாவி தொலையுதுன்னு இதை வாங்கறவங்க ரொம்பக் கம்மிங்க மேடம்” என்றான் ரைஹான். “முக்காவாசிப் பேரு அடுத்தவங்க பையில வைக்கத்தாங்க வாங்கறாங்க.”

மானசா சிரித்தாள். உக்கடம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் இருந்தது அவனுடைய மொபைல் கடை. முக்காலியில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

பீளமேட்டில் அவள் வேலை பார்க்கும் நிறுவனம் இந்த ‘டேக்’கைச் சொந்தமாகத் தயாரிக்க யோசித்துக்கொண்டிருந்தது. கோட்டுப் பித்தான் அளவில் ஒரு வில்லை. உள்ளே கைக்கடிகார பேட்டரி. மாற்றாமல் ஓராண்டு ஓடும். பக்கத்தில் எவருடைய போன் வந்தாலும் புளூடூத்தில் அதனிடம் கிசுகிசுத்து, தான் இருக்குமிடத்தைச் சொந்தக்காரருக்குத் தெரியப்படுத்திவிடும். அதற்குச் சந்தை இருக்கிறதா என்று கடை கடையாகக் கேட்டு வருவது மானசாவின் பொறுப்பு.

“டீ சொல்லட்டுங்களா?”

“வேண்டாங்க, சாப்பிடற நேரமாச்சு. இன்னிக்கு என் பொண்ணு கட்டிக் குடுத்த சாப்பாடு. சமையக்கட்டுப் பக்கமே வராதவ, காலையில அவளே எழுந்து செஞ்சு, பையில வெச்சு, வண்டி வரைக்கும் கொண்டாந்து குடுத்தா.”

அதற்குள் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் படியேறி வந்தார். “ஏனுங்க தம்பி, போன வாரம் அவிநாசியில இருந்து வந்து ஒண்ணு வாங்கிட்டுப் போனேனே. அது பல்லி மாதிரிக் கத்துதுங்க.”

“வெச்சவங்களை விட்டு ரொம்ப நேரம் தள்ளியிருந்தா கத்தத்தாங்க செய்யும். கம்பெனிக்காரன் அப்படித்தான் பண்ணியிருக்கான்.”

“ஊட்டுக்காரி பையில போட்டு வெச்சேன். அவ கோபியில அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. அங்கிருந்து போன் பண்றா. ‘எங்க ஊட்டுக்காரரு தங்கமானவரு, என்னைச் சந்தேகமே பட மாட்டாரு’ன்னு அம்மாகிட்டச் சொல்லி வாய மூடலையாம், பல்லி கத்திருச்சாம். ‘பாருங்க, பல்லியே ஆமாங்குது’ன்னு அவளுக்கு ஒரே சந்தோஷம்.”

ரைஹான் குலுங்கிச் சிரித்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “சத்தமே போடாததா ஒண்ணு குடுங்களேன்.”

“அப்படி நான் விக்கறதில்லீங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

“பாத்தீங்களா மேடம்? இதுதாங்க மார்க்கெட்டு. நல்லா ஓடும், சந்தேகமே இல்லை. ஆனா நாலு பேரு சேந்து உக்காந்து செய்யறதுக்கு இது நல்ல யாவாரமுங்களா?”

“புருஷன் வெச்சா சந்தேகங்க. பெத்தவங்க வெச்சா அக்கறை” என்றாள் மானசா. “நான் அப்படித்தான் எழுதப் போறேன். விளம்பரத்துல சாவியைப் போட வேண்டாம், குழந்தையைப் போடுங்கன்னு.” குரலைத் தாழ்த்தினாள். “என் பொண்ணு காலேஜ் பையிலயே ஒண்ணு வெச்சிருக்கேன். ஒரு மாசமாச்சு. கூடப் படிக்கறவ ஒருத்தி வீட்டுக்குத் தெரியாம ஊட்டிக்குப் போயிட்டு வந்தாளாம். அன்னியில இருந்து எனக்குத் தூக்கமில்லை.”

“பாப்பாவுக்குத் தெரியுங்களா?”

“தெரிஞ்சா அப்புறம் எதுக்குங்க வைக்கறது?”

“இல்லீங்க, இப்ப வர்ற போனெல்லாம் காட்டிக் குடுத்துருமே. ‘உங்ககூடவே ஒரு டேக் வந்துட்டிருக்குது’ன்னு எழுத்துல வரும்.”

“லாஸ்யா அதையெல்லாம் எங்க கவனிக்கறா? வீடு விட்டா காலேஜ், காலேஜ் விட்டா வீடு. இருங்க, காட்டறேன். இந்நேரம் சரவணம்பட்டியில கிளாஸ்ல இருப்பா.”

பெருமையோடு போனைத் திறந்தாள். வரைபடம் மெதுவாக விரிந்தது. ‘லாஸ்யா’ என்று அவள் பெயர் சூட்டியிருந்த நீலப் புள்ளி சரவணம்பட்டியில் இல்லை. உக்கடத்தில் இருந்தது. குளக்கரை, பேருந்து நிலையம், இதே சந்து. கீழே, ‘அருகில் உள்ளது’ என்று ஒரு வரி.

மானசா பையை அணைத்தபடி எழுந்து படியோரம் வந்தாள். பொள்ளாச்சிப் பேருந்துக்கு முண்டியடிக்கும் கூட்டத்தில் மகளின் மஞ்சள் துப்பட்டாவைத் தேடினாள். சந்து முனை வரை போய்ப் பார்த்தாள். அங்கேயும் போன் ‘அருகில் உள்ளது’ என்றே சொன்னது.

“யாரோடவோ வந்திருக்கா” என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தாள். “இங்கதாங்க எங்கேயோ இருக்கா.”

“மேடம், ஒரு நிமிஷம், நான் சொல்றதை...”

அவனைக் கையமர்த்திவிட்டு மகளை அழைத்தாள். உடனே எடுத்தாள் லாஸ்யா.

“எங்கடி இருக்கே?”

“காலேஜ்லதாம்மா. லேப் முடிஞ்சு இப்பத்தான் வெளிய வந்தேன்.”

“பொய் சொல்லாதே. நீ உக்கடத்துல இருக்கே.”

“யாரும்மா சொன்னாங்க?”

மானசாவுக்குக் கோபம் முந்திக்கொண்டது. “உன் பையில ஒண்ணு வெச்சிருக்கேன். இங்க நான் அழுத்துனா அங்க உன் பக்கத்துல கத்தும். யாரு பக்கத்துல நிக்கறாங்களோ அவங்களுக்கும் கேக்கட்டும். அழுத்தவா?”

“அழுத்துங்கம்மா.” லாஸ்யாவின் குரலில் பதற்றமே இல்லை. “நான் காலேஜ்லதான் இருக்கேன்.”

மானசா அழுத்தினாள்.

அவள் மடியிலிருந்த சாப்பாட்டுப் பைக்குள் பல்லி கத்தியது.