எத்தனை ஸ்டார் போடுவீங்க?

விளக்கணைந்த கூடத்தில் "டிங்" என்றொரு விசித்திரச் சத்தம். குஞ்சுக்குக் காய்ச்சலென்று தவித்துக்கொண்டிருந்த சுண்டெலி பிலோமினா, வீட்டுக்குப் புது டேப்லெட் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அவசரமாய் மேசைமேல் ஏறினாள். அங்கே ஒரு கண்ணாடிப் பலகை மினுங்கியது.

"காய்ச்சலுக்கு வந்தது நீதானா?"

"அது வேற டேப்லெட் அக்கா! நான் பாடுவேன், படம் காட்டுவேன், பத்து மணி நேரம் தூங்காம இருப்பேன்."

"குறை?"

"யார் எது கேட்டாலும் சொல்லிடுவேன். பூனை கேட்டுச்சு, உங்க வளை அடுப்புக்குப் பின்னாலன்னு இப்பத்தான் சொன்னேன்."

"அடப்பாவி! யாரைக் கேட்டுச் சொன்னே?"

"ஏறும்போதே ‘சம்மதம்’ பொத்தானை மிதிச்சீங்களே!"

"இருட்டுல கால் பட்டுட்டா அது சம்மதமாடா?"

கத்திக்கொண்டே வளைக்கு ஓடினாள்.

"எனக்கு எத்தனை ஸ்டார் போடுவீங்க அக்கா?" என்று பின்னாலிருந்து கேட்டது டேப்லெட்.

பூனையின் மூச்சு நெருங்குமுன், குஞ்சை அணைத்தபடி, பிலோமினா உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.