நற்சான்று கேட்டு ஒரு அழைப்பு

மாதம் நாற்பதாயிரத்துக்கு ஒரு மனித மூளையின் ஞாபகசக்தி முழுதாக வாடகைக்குக் கிடைக்கும். ஓடியாடும் இரண்டு கால்கள் அதோடு இலவசம்.

அந்த விலைக்குத்தான் அவள் ஆறு வருடமாக அந்த மாளிகையில் ஐயாவின் தனி உதவியாளர். அவர் விழுங்கும் மாத்திரை, மருமகனின் பிறந்தநாள், யார் வந்தால் ஐயா ஊரில் இல்லை என்பதெல்லாம் அவள் தலைக்குள்.

சம்பளம் கூட்டிக் கேட்டபோது, "நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிம்மா" என்றார் ஐயா.

வீட்டுப் பெண்ணுக்கு யார் சம்பளம் கூட்டுவார்கள்? பேச்சு அத்தோடு முடிந்தது.

போன வாரம் யாருக்கும் தெரியாமல் இன்னொரு பெரிய வீட்டு வேலைக்கு விண்ணப்பித்தாள். விசாரிக்க இப்போதைய முதலாளியின் எண் கேட்டிருந்தார்கள். பழக்கதோஷம், ஐயாவின் எண்ணை எழுதிவிட்டாள்.

அந்த ஃபோன் பகலெல்லாம் தன் கையில்தான் இருக்கும் என்பது, இன்று அது அடித்தபோதுதான் உறைத்தது.

ஐயா நீச்சல்குளத்தில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். அவள் கரையில் நின்றாள், ஒரு கையில் துண்டும் மறு கையில் ஃபோனுமாக.

"உங்க வீட்ல இருக்கற உதவியாளரப் பத்தி விசாரிக்கணும்," என்றது ஒரு பெண்குரல். "எங்க மேடம் கேக்கச் சொன்னாங்க."

"யாரும்மா அது?" என்றார் தண்ணீரிலிருந்து ஐயா.

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் சேர்த்துத்தான் அந்த நாற்பதாயிரம். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"ஒரு பொண்ண வேலைக்கு எடுக்கப் போறாங்களாம் சார். எப்படின்னு கேக்கறாங்க."

எந்தப் பெண் என்று அவர் கேட்டால், வரப்போகும் வேலையோடு இருக்கிற வேலையும் போகும்.

"ரொம்ப நல்ல பொண்ணுன்னு சொல்லிடு. நம்ம காசா போகுது?" என்றார், கண்ணைக்கூடத் திறக்காமல்.

"ரொம்ப நல்ல பொண்ணுன்னு சார் சொல்றார்," என்றாள் ஃபோனில். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"எவ்வளவுக்குப் படிவாங்க?"

சரக்கே எழுந்து நின்று தன் விலையைச் சொல்ல வேண்டிய சந்தை. நாலடி தள்ளிப் போய், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல, "அம்பதாயிரம்" என்றாள்.

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம். குரல் தணிந்தது.

"நீதானே அது, தங்கச்சி? முதலாளி ஃபோன் இங்கயும் என் கையிலதான். எழுபத்தஞ்சு கேளு. நுழையறப்போ பேசறதுதான், அப்புறம் ஏறாது. நான் அம்பதுக்கு நுழைஞ்சவ. பதினோரு வருஷமா நான் ஏறினதெல்லாம் மாடிப்படிதான். முட்டி போச்சு. என் இடத்துக்குத்தான் இப்ப ஆள் தேடறேன்."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எழுபத்தஞ்சு."

"மேடம் சம்மதிப்பாங்க. கையெழுத்துக்கு நீட்டறதே நான்தான்."

வியாபாரம் முடிந்தது. விற்றவர் மிதந்துகொண்டிருந்தார், வாங்கியவர் ஃபோன் பக்கமே வரவில்லை. ஐயாவுக்குச் செலவு ஒரு நல்ல வார்த்தை. மேடத்துக்கு எழுபத்தைந்து. இவளுக்கு வரவு, கூடுதலாக முப்பத்தைந்து.

ஐயா கரையேறிக் கையை நீட்டினார். துண்டைக் கொடுக்கும்போதுதான் பாக்கி ஒன்று நிற்பது தெரிந்தது.

ஊரார் பெயரையெல்லாம் நினைவில் வைக்கக் கூலி வாங்குகிறவள், அந்த அக்காவின் பெயரைக் கேட்கவே இல்லை.