செல்வமாரியின் மஞ்சள் சட்டை

“நாளைக்கு விழாவுக்கு நீ வராத சுப்புத்தாய். பாத்துட்டுத் தாங்க மாட்ட. படத்த நானே ஒன் வீட்டுக்குக் கொண்டுவந்து தாரேன்.”

சொல்லிக்கொண்டே பிரேமா டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தீப்பெட்டி ஆபீசில் மருந்து ஏறிப்போன கை அது. எந்த டீச்சரும் இதுவரை தொட்டதில்லை. சுப்புத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

மேசைமேல் அமெரிக்காவிலிருந்து வந்த பார்சல் பிரிக்காமல் இருந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்து மாணவர்கள், ஏழை நாட்டுப் பிள்ளைகளின் போட்டோவைப் பார்த்து வண்ணத்தில் வரைந்து அனுப்புவார்களாம். இரக்கப்படுவதும் அங்கே ஒரு பாடமாம், அதற்கு மார்க்கும் உண்டாம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் பிரேமாவும் அவள் கணவர் தங்கப்பாண்டியனும் நடத்துகிற டிரஸ்ட் பள்ளிக்கு இந்த வருஷம் பத்துப் படம் ஒதுக்கியிருந்தார்கள்.

வெள்ளைக்காரப் பிள்ளை தன் முகத்தை வரையப் போகிறது என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வராது? ஆனால் கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். ஆளைத் தேர்ந்தெடுத்து, போட்டோ எடுத்து அனுப்பியதெல்லாம் பிரேமாதான்.

பத்துப் பேரில் ஒருத்தி சுப்புத்தாயின் ஒரே மகள் செல்வமாரி. போட்டோ போய்ப் படம் வருவதற்குள் டெங்கு வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது.

வீட்டில் அவள் முகம் எங்கேயும் இல்லை. சுப்புத்தாயிடம் இருப்பது பட்டன் போன். ஆதார் அட்டையில் இருப்பது கைக்குழந்தையில் எடுத்த கருப்பு மொத்தை. டீச்சர் எடுத்த போட்டோவையாவது கேட்டுப் பார்த்தாள். போனிலிருந்து அழிந்துவிட்டது என்று பிரேமா சொல்லிவிட்டாள்.

“நா வாரேன் டீச்சர். அவ மொகம் மறந்துகிட்டே வருது. கண்ண மூடுனா மூக்கு எப்பிடி இருந்துச்சுன்னு தெரிய மாட்டேங்கு. பெத்தவளுக்கு இப்பிடி ஆகுமா?”

பிரேமாவின் கண் மேசைமேலிருந்த பார்சலுக்குப் போனது.

“போட்டோ எடுத்த அன்னைக்கு ஒங்க பாப்பா கவுன அவளுக்குப் போட்டு அனுப்புனீயளே, அத மறக்க முடியுமா? வீட்டுக்கு வந்து சுத்திச் சுத்தி ஆடுனா. என்னட்டீன்னு கேட்டா, யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு டீச்சர் சொல்லிருக்காவன்னு சிரிக்கா. அந்தக் கவுனப் போட்டுத்தான் பொதச்சோம்.”

பிரேமா கையை விட்டுவிட்டாள்.

அந்த நேரம் தங்கப்பாண்டியன் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மனைவியை முறைத்தார்.

“வராதன்னு சொல்லுதியே, கூறு இருக்கா ஒனக்கு? வீடியோ கால்லதான் பார்சலப் பிரிக்கணும்னு சொல்லிருக்காவ. பெத்தவ மேடையில நின்னு வாங்குனா அவியளுக்கு மனசு உருகிரும். புதுக் கட்டடத்துக்கு அப்பமே கேட்டுரலாம்.”

“வேண்டாங்க. பாவம் அவ.”

“ஒனக்கு இளகுன மனசு. அத வச்சுகிட்டு டிரஸ்ட் நடத்த முடியாது” என்றவர் சுப்புத்தாயிடம் திரும்பினார். “அழுக வந்தா அடக்கக் கூடாது, என்ன? காமிரா பக்கம் பாத்து அழணும்.”

“சரி சார்” என்றாள் சுப்புத்தாய். முகத்தைப் பார்த்தால் போதும் அவளுக்கு. எந்தப் பக்கம் பார்த்து அழுதால் என்ன?

தங்கப்பாண்டியன் பார்சலைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் மேடையில் பெரிய திரை. அதில் அமெரிக்காப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கையாட்டினார்கள். டவுனில் இங்கிலீஷ் மீடியம் படிக்கிற தங்கப்பாண்டியன் மகள் ஐஸ்வர்யா, கடலைமிட்டாய்த் தட்டோடு மேடையில் நின்றாள். மிட்டாயை யாருக்கும் கொடுக்காமல், பிரிக்கிற ஒவ்வொரு படத்தையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வரச்சொல்லிப் பிரேமா கையைக் காட்டிக் காட்டி ஓய்ந்துபோனாள். மகள் அசைகிற வழியாக இல்லை.

ஒன்பது பிள்ளைகள் படம் வாங்கிப் போனார்கள். கடைசிப் படத்தை எடுத்துக்கொண்டு தங்கப்பாண்டியன் மைக்கில் குரலைத் தாழ்த்தினார். திரையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு சுப்புத்தாய் மேடையேறினாள்.

படத்தைக் காமிராவுக்கு நேராகப் பிடித்தபடி, சுற்றியிருந்த தாளைக் கீழேயிருந்து மெல்ல மெல்லக் கிழித்தார். ஆர்வத்தைக் கூட்டத் தெரிந்தவர்.

முதலில் தெரிந்தது ஒரு மஞ்சள் சட்டை. போட்டோ எடுத்த அன்று செல்வமாரி போட்டுப்போய், பிறகு வீடு திரும்பாத சட்டை. நெஞ்சுப் பக்கம் கிழிசல், அதில் சுப்புத்தாய் சிவப்பு நூலில் போட்ட தையல். அதைக்கூட அந்தப் பிள்ளைகள் விடாமல் வரைந்திருந்தார்கள்.

“ஏ மாரி... எந் தாயி...”

தையலைத் தடவிக்கொண்டு அவள் கதறிய கதறலில் கூட்டமே அழுதது. திரையில் ஒரு வெள்ளைக்காரம்மா கண்ணைத் துடைத்தாள். தங்கப்பாண்டியன் திருப்தியாக மைக்கைச் சுப்புத்தாயின் வாய்ப்பக்கம் நீட்டிவிட்டு, மிச்சத் தாளை ஒரே இழுப்பில் உருவினார்.

சுப்புத்தாயின் அழுகை சட்டென்று நின்றது. படத்தைப் பார்த்தாள். தட்டோடு நின்ற சிறுமியைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். நன்றாகத்தான் வரைந்திருந்தார்கள், கன்னத்து மச்சம்கூட அப்படியே இருந்தது.

மைக்கில் அவள் குரல் கணீரென்று கேட்டது.

“சட்டதான் எம்மவளுது சார். மொகம் ஒங்க பாப்பாவுது.”