காய்ந்த இடம்

வேல்ஸ் மலையில் காலையிலிருந்து விடாத மழை. கைவிடப்பட்ட சிலேட்டுக் குவாரியைச் சுற்றிக் களைத்துப்போய், தொழிலாளர்கள் டீ குடித்த பழைய கல்வீட்டுக்குள் மைனிரும் கணவன் இத்வலும் நுழைந்தார்கள். கூரை இல்லை. சுவரோரக் கல்பெஞ்சு முழுக்க ஈரம். ஒரு கோடியில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் காய்ந்திருந்தது.

இத்வல் அங்கே பொத்தென்று உட்கார்ந்தான்.

“எந்திரி இத்வல். இங்க வேலை பார்த்தவங்க ஆளாளுக்கு ஒரு இடம் உண்டுன்னு எங்கப்பா சொல்லுவாரு. நீ அங்க உட்கார்ந்தா அந்த ஆளு எங்க உட்காருவாரு?”

“செத்தவன் சண்டைக்கு வருவானாக்கும்! எனக்கு முட்டி கழண்டுபோச்சு.”

அவன் எழுந்ததும் அந்த இடத்திலும் மழை விழுந்து கல் கறுத்தது. மைனிர் பார்த்தாள்.

அடிவாரத்தில் அவர்கள் காரைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பின்கதவருகே மட்டும் இரண்டு பூட்ஸ் அளவுக்குத் தரை காய்ந்திருந்தது.

“சீக்கிரம் திற, நிக்க முடியல,” என்றான் இத்வல்.

அவனுக்கு முன்கதவைத் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரம் மழையிலேயே நின்றாள். பிறகு பின்கதவையும் திறந்து, சீட்டில் கிடந்த பையை நகர்த்தி வைத்தாள்.