அவள் வீட்டுப் படம்

பள்ளியின் அமைதி வகுப்பில் தொடங்கிய படத்தை மகள் வீட்டில் வரைந்துகொண்டிருந்தாள். ஊரில் முன்பு நடந்த கலவரத்தில் வெட்டிக்கொண்ட இரண்டு தரப்பு வீட்டு மாணவிகளையும் ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, ஒருத்தி தன் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்ல மற்றவள் வரைய வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

"யாரு வீடுடி இது?" என்று எட்டிப் பார்த்தாள் அம்மா.

"என் ஜோடி வீடும்மா. மணிக்கூண்டுச் சந்துல கடைசி வீடு."

அம்மாவின் முகம் கடுகடுத்தது.

"அடுப்படி ஜன்னல் அந்தப் பக்கம் இல்ல, கிணத்தைப் பார்த்து இருக்கும். மாடிப்படியும் வெளியில."

"அவ வீட்டுக்கு நீ எப்பம்மா போனே?"

"போறதா? நான் பொறந்து வளர்ந்ததே அங்கதான். உயிர் தப்பினாப் போதும்னு விட்டுட்டு ஓடி வந்தோம். அவங்க நோகாம குடியேறிட்டாங்க."

மகள் ரப்பரால் ஜன்னலை அழித்தாள்.

"அவ வீட்லயும் இதே கூத்துதானாம். அவ வரைஞ்ச நம்ம வீட்டை அவங்க அம்மா திருத்தினாங்களாம். குளியலறைத் தாழ்ப்பாள் இன்னும் தூக்கிப் போட்டாத்தான் விழுதான்னு கேட்டாங்களாம்."

அம்மா குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆளில்லாத வீடு என்று சொல்லித்தான் அதிகாரிகள் அவளுக்கு இந்த வீட்டுச் சாவியைக் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தாழ்ப்பாளை அவள் தூக்கித்தான் போடுகிறாள்.