சொந்தச் செக்கு

மருத்துவரின் திரையில் எண்ணெய் வியாபாரியின் புற்றுக்கட்டி பெரிதாகத் தெரிகிறது. செல்லுக்குச் செல் சிவப்புச் சாயம் ஏறிய கொழுப்புத் துளிகள். ஜன்னல் வெளிச்சம் வியாபாரியின் தொளதொளத்த சட்டைக் காலரில் விழுகிறது. மூன்று மாதமாக வீட்டுச் சமையலில் சொட்டு எண்ணெய் கிடையாது; கட்டியைப் பட்டினி போட, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி செய்த ஏற்பாடு. "உங்க எண்ணெய நம்பிப் பொழைக்கிற ஆளு இல்லம்மா இது," என்கிறார் மருத்துவர். "சர்க்கரையிலேர்ந்து தானே கொழுப்பு செஞ்சுக்குது. அதுக்குன்னு ஒரு என்சைம் வச்சிருக்கு. அதத் தடுக்கத்தான் இந்தச் சோதனை மாத்திரை. கேக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன்." வியாபாரி, போட்டிக் கடையை நோட்டம் விடுவதுபோல் திரையைப் பார்க்கிறார். "எனக்குள்ளயே சொந்தமா செக்கு போட்டுட்டானா." மனைவி திரையைப் பார்க்கவில்லை; அவருடைய பெல்ட்டில் ஆணியால் குத்திய மூன்று புது ஓட்டைகளைப் பார்க்கிறாள். "அப்போ நான் இவரத்தான் பட்டினி போட்டேனா டாக்டர்?" மருத்துவர் பேனாவை மூடித் திறக்கிறார். வியாபாரி அதை வாங்கி, சம்மதப் படிவத்தில் நிதானமாகக் கையெழுத்திடுகிறார். "தொப்பை போச்சு, அதுவே லாபம்," என்கிறார் அவளிடம். "வீட்டுக்குப் போனதும் ரெண்டு முட்டை பொரி. எண்ணெய்க்குக் கணக்குப் பாக்காத." அவள் விரல் இன்னும் மூன்றாவது ஓட்டையின்மேல் இருக்கிறது.