முதல் பக்கத்தில் கொலையாளி

‘பிப்ரவரி 11, செவ்வாய். ரப்பரை எடுத்தது என் தவறு. முதலில் மேடத்திடம் காட்டியிருக்க வேண்டும்.’

பதற்றம் வந்தால் தவறை எழுதிவைப்பது, வாடகை நூலகத்தில் வேலை பார்க்கும் அவளுடைய வழக்கம். மாலை வகுப்பு நோட்டின் ஓரத்தில் அதை எழுதி முடிப்பதற்குள், புத்தகம் எடுக்க வந்த டீச்சரம்மா உள்ளறைக்குப் போய் நூலகத்தின் முதலாளியம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“பாருங்க மேடம், கையும் களவுமா பிடிச்சிட்டேன். ஒரு கையில பென்சில், ஒரு கையில ரப்பர்!”

“நான் எழுதலை மேடம், அழிக்கத்தான்...”

“எழுதினவதானே அழிப்பா?”

டீச்சரம்மா மர்ம நாவலைப் பிரித்து மேசைமேல் போட்டார். முதல் பக்கத்தில், பாதி அழிந்த பென்சில் எழுத்து: ‘கொலையாளி: தோட்டக்காரன்.’

“முதல் பக்கத்துலயே கொலைகாரன் யாருன்னு போட்டு உடைச்சிட்டா, மிச்சத்தை நான் எதுக்குப் படிக்கணும்? வாடகை எதுக்குக் கொடுக்கணும்?”

அந்த வாடகை நூலகத்தில் இரண்டு மாதமாக இந்தக் கிறுக்கல் தொல்லை. குடும்பக் கதைகளையோ சமையல் புத்தகங்களையோ யாரும் தொடவில்லை. மர்ம நாவல் அலமாரியில் மட்டும்தான் இந்தக் கைவரிசை.

மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “இங்க புத்தகத்துல கை வைக்கிறது நானும் நீயும்தான். நான் கதைப் புத்தகம் பக்கமே போறதில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளைக் காட்டு. இல்லேன்னா உன்னைத்தான் நிறுத்தணும். டீச்சருக்கு நான் வேற என்ன பதில் சொல்ல?”

‘வேற பதிலே இல்லை’ என்று டீச்சரம்மா தலையசைத்தார். ஆனாலும் புத்தகத்தை மட்டும் மறக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஐந்தரை மணிக்கு வகுப்புக்கு அனுப்பும் கடை இந்த வட்டாரத்திலேயே இது ஒன்றுதான். வேலை போனால் வகுப்பும் போகும்.

சந்தேகப்பட ஆள் தேட வேண்டிய அவசியமே இல்லை. ‘பத்தாம் பக்கம்’ என்று எல்லோரும் கேலி பேசும் பென்ஷன்காரர் ஒருவர் இருக்கிறார். எந்த மர்ம நாவலானாலும் பத்தாம் பக்கத்திலேயே கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டதாக, வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி பீற்றிக்கொள்வார்.

வியாழக்கிழமை அவர் வந்ததும், கிறுக்கல் இருந்த இன்னொரு புத்தகத்தை நீட்டி அவள் கேட்டாள். “சார், தப்பா நினைக்காதீங்க. இதெல்லாம் நீங்க எழுதினதா?”

அவர் புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல் ஆனது.

“தோட்டக்காரனா? எந்த அரைவேக்காடும்மா இதை எழுதினது? மூணாம் பக்கத்துல வக்கீல் குடை எடுத்துக் கொடுக்கறான். ஏழாம் பக்கத்துல விதவைக்குக் காபி வாங்கிக் கொடுக்கறான். இப்படி ஓடி ஓடி உதவி பண்றவன்தான் கொலை பண்ணியிருப்பான்னு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் எழுதியிருந்தா சரியா எழுதியிருப்பேன்!”

புத்தகத்தைக் கவுன்ட்டரில் தொப்பென்று போட்டுவிட்டு, அவர் நடையைக் கட்டினார்.

அவளுக்கு அவர்மேலும் நம்பிக்கை வரவில்லை, தன்மேலும் வரவில்லை. கிறுக்கல் இருந்த புத்தகங்களையெல்லாம் இறக்கி, ஒவ்வொன்றின் கடைசி அத்தியாயத்தையும் படித்தாள். ஒன்றில் வக்கீல், இன்னொன்றில் குடும்ப டாக்டர், அடுத்ததில் மறுபடியும் வக்கீல். எல்லாவற்றையும் எழுதிய ஒரே எழுத்தாளருக்கு இந்த இரண்டு தொழில்களைத் தவிர வேறெதுவும் தெரியாது போலும். முதல் பக்கத்துப் பென்சில் மட்டும், பாவப்பட்ட தோட்டக்காரனையே ஒவ்வொரு முறையும் தூக்குமேடைக்கு அனுப்பியிருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் மேடத்தின் முன்னால் போய் நின்றாள்.

“அவர் இல்ல மேடம். யாருன்னு எனக்குத் தெரியலை. எழுதினவங்களுக்குக் கதை தெரிஞ்ச மாதிரியும் இல்ல. எல்லாப் புத்தகத்துலயும் தப்பு.”

“ஓஹோ. டீச்சரைத் தவிர வேற யாராவது புகார் சொன்னாங்களா?”

அவள் யோசித்தாள். “இல்ல. முழுசாப் படிச்சவங்க யாருமே சொல்லலை. கடைசியில தூக்கிவாரிப் போட்டுதுன்னு சொல்லிட்டு, உடனே அடுத்ததை எடுத்துக்கிட்டுப் போறாங்க.”

“முன்னாடி?”

“முன்னாடி எல்லாரும் பாதியிலயே வக்கீல்தான்னு கண்டுபிடிச்சிட்டு, திருப்பிக் கொண்டுவந்து போட்டுடுவாங்க. அலமாரியில ஒட்டடைதான் இருக்கும்.”

“டீச்சர் இப்பதான் போன் பண்ணாங்க. திட்டிக்கிட்டே படிச்சு முடிச்சிட்டாங்களாம். ‘தோட்டக்காரனையே பார்த்துக்கிட்டிருந்தேன், வக்கீல் இப்படிப் பண்ணுவான்னு நினைக்கவே இல்ல மேடம்’னு ஒரே புலம்பல். இதே மாதிரி இன்னொண்ணு வேணுமாம்.”

அவளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “ஆளைக் கண்டுபிடிக்க முடியலை மேடம். சொன்ன மாதிரி நானே நின்னுக்கறேன்.”

“நிக்கறதாவது! நல்லாப் படிச்ச போ.” மேடம் இழுப்பறையைத் திறந்து, கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்துபோன பென்சில் ஒன்றை எடுத்து அவள் பக்கம் உருட்டிவிட்டார்.

“நாளைக்குப் புது மர்ம நாவல் கட்டு வருது. தோட்டக்காரனையே நான் நிறைய எழுதிட்டேன், நீ சமையல்காரன்னு எழுது.”